சிறையில் போன ஆண்டுகளுக்கு ஆர் பொறுப்பு?

(பலெர்மோ, ஸ்தாசியோனே சென்ட்ராலேக்கு முன்னால், யூலை மாத ஞாயிறு மாலையொன்றில் நடந்த எங்கள் திறந்தவெளிக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை. பேச்சு மொழியைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)



பின்னால ரயில் அறிவிப்பு, முன்னால பஸ் சத்தம். ரெண்டுக்கும் நடுவில நிண்டு கதைக்கிறன். கேக்காட்டி கையைத் தூக்குங்கோ, திருப்பிச் சொல்லுறன்.

இந்த மாசத்தில எங்களுக்கு ரெண்டு நினைவு இருக்கு. யூலை 19: 1992 இல் இதே நகரத்தில், வீயா தமேலியோவில், நீதவான் பவுலோ பொர்செல்லினோவும் அவருடைய பாதுகாவலர்கள் ஐந்து பேரும் குண்டு வைத்துக் கொல்லப்பட்ட நாள். யூலை 25, 27: 1983 இல் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்ட நாட்கள். அந்த 53 பேரில் பலர் எந்த நீதிமன்றத்தாலும் குற்றவாளி என்று தீர்க்கப்படாதவர்கள்.

முதலாவதுக்கு இந்த ஊர்க்காரர் கூடுவினம். ரெண்டாவதுக்கு நாங்கள் கூடுவம். இண்டைக்கு நான் கேக்கப்போற கேள்வி ரெண்டுக்கும் பொதுவானது. அரசு ஒரு மனிசனைப் பிழையாப் பிடிச்சு, பிழையாத் தீர்ப்பு எழுதி, அவன்ர வாழ்க்கையில பத்து வருசம், இருபது வருசத்தை எடுத்துப்போட்டால், பிறகு அந்த அரசு அவனுக்கு என்ன கடன்பட்டிருக்கு? காசா? மன்னிப்பா? வேற ஏதுமா?

அல்கமோ

இந்த ஸ்தாசியோனேயில இருந்து மேற்காலே, திராப்பனி போற பக்கம், அல்கமோ எண்டு ஒரு ஊர் இருக்கு. அதன் கடற்கரைப் பகுதியில் கரபினியேரிகளின் சிறிய காவல் நிலையம் ஒன்று இருந்தது. 1976 சனவரி 27 இரவு யாரோ கதவை உடைத்து உள்ளே போய், படுத்திருந்த இரண்டு கரபினியேரிகளைச் சுட்டுக் கொன்றார்கள். நாடே கொதித்தது. ஆரையாவது பிடிக்கவேண்டும்.

முதலில் ஜுசெப்பே வெஸ்கோ என்ற இளைஞன் பிடிபட்டான். அவனை அடித்து வதைத்து, நாலு பெயர்களைச் சொல்ல வைத்தார்கள். அதில் ஒரு பெயர் ஜுசெப்பே குலோத்தா. வயது 18. மேசன் வேலை பழகிக்கொண்டிருந்த பெடியன். ஓர் இரவு முழுக்கக் கதிரையில் கட்டிவைத்து அடித்தார்கள். விடியும்போது அவன் கையெழுத்து வைத்துவிட்டான். பிறகு நீதவானிடம் போய், "அடிச்சுத்தான் எழுதி வாங்கினவை, நான் ஒண்டும் செய்யேல்லை" என்று சொன்னான். அது எடுபடவில்லை. வெஸ்கோ அதே வருசம் சிறையில் தூக்கில் தொங்கிய நிலையில் கிடந்தான். அவனுக்கு ஒரு கை ஏற்கெனவே இல்லை. எப்படித் தூக்கு மாட்டினான் என்ற கேள்வி இண்டைக்கும் நிக்குது.

வழக்குப் பல தடவை மேலும் கீழும் போய்வந்தது. 1990 இல் குலோத்தாவுக்கு ஆயுள் தண்டனை உறுதியானது. அவரோடு குற்றம் சாட்டப்பட்ட இரண்டு பேர் பிரேசிலுக்குத் தப்பிப் போனார்கள். அவர்கள் தொடுத்த வழக்கில் ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றம் 1996 இல் இத்தாலியைக் கண்டித்தது. நாலாவது ஆள் ஜொவான்னி மந்தலா தண்டனை அனுபவிக்கும்போதே 1998 இல் இறந்துபோனார். செத்த பிறகுதான் அவர் நிரபராதி ஆனார்.

உண்மை எப்படி வெளியில வந்தது? நீதிமன்றம் தானாக் கண்டுபிடிக்கேல்லை. அந்த இரவு அங்கு கடமையில் இருந்த ரெனாத்தோ ஒலீனோ என்ற முன்னாள் கரபினியேரி, முப்பது வருசம் கழிச்சு, மனச்சாட்சி உறுத்தி வாய் திறந்தார். அடித்ததை நான் கண்டேன் என்றார். 2012 பெப்ரவரி 13 அன்று ரெச்சோ கலாப்ரியா மேன்முறையீட்டு நீதிமன்றம் குலோத்தாவை நிரபராதி என்று விடுவித்தது. பிடிபட்டு 36 வருசம். அதில் 22 வருசம் சிறைக்குள்ளே. பதினெட்டு வயசில உள்ள போன பெடியன் பேர் துடைச்சு வெளியில வரேக்க அம்பத்தஞ்சை எட்டிப் பிடிக்கிற மனிசன்.

2016 இல் அவருக்கு அரசு கொடுத்த நட்டஈடு 65 இலட்சம் யூரோ. அவர் கேட்டது 560 இலட்சம். கணக்குப் பாருங்கோ: 65 இலட்சத்தை 22 வருசத்தின் நாட்களால் பிரித்தால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 810 யூரோ. "நல்ல காசுதானே" என்று ஆராவது சொல்லுவினம். அவையிட்டக் கேக்கவேண்டியது ஒண்டுதான்: உங்கட 18 இலிருந்து 40 வரைக்குமான வயசை இந்த விலைக்கு விப்பியளோ?

சட்டம் வந்த கதை

இத்தாலியில நட்டஈடு எண்ட சிந்தனை அரசியலமைப்பிலேயே இருக்கு. 24 ஆம் உறுப்புரையின் கடைசி வரி, நீதித்துறைப் பிழைகளுக்கு எப்படி ஈடு செய்வது என்பதைச் சட்டம் தீர்மானிக்கும் என்று சொல்கிறது. பாசிசத்துக்கு எதிராகப் போராடி, பலர் சிறையில் கிடந்து, அதுக்குப் பிறகு எழுதின அரசியலமைப்பு. சிறை எண்டால் என்னெண்டு தெரிஞ்ச ஆக்கள் எழுதினது.

ஆனால் வரி இருந்தாலும் வழி இருக்கேல்லை. அதுக்கும் ஒரு சிசிலிக் கதைதான் காரணம். சிராகூசா பக்கத்தில் அவோலா என்ற ஊர். 1954 இல் பவுலோ கல்லோ என்ற விவசாயி காணாமல் போனார். அண்ணன்தம்பிச் சண்டை ஊருக்கே தெரியும். ஆகவே சகோதரன் சல்வத்தோரே கல்லோதான் கொன்றார் என்று ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். பிணம் இல்லை. 1961 இல் ஒரு பத்திரிகையாளர் தேடிப்போனால், செத்தவர் உயிரோட இருக்கிறார்! அப்பவும் சல்வத்தோரே உடனடியாக் குற்றமற்றவர் ஆகேல்லை. முடிந்த வழக்கைத் திரும்பத் திறக்கும் விதிகள் அவ்வளவு இறுக்கம். கடைசியில் 1965 இல் பாராளுமன்றம் அந்த விதிகளைத் திருத்தவேண்டி வந்தது. ஒரு கமக்காரன் ஏழு வருசம் சிறையில இருந்து வாங்கித் தந்த சட்டத் திருத்தம் அது.

இப்ப இருக்கிற சட்டத்தில ரெண்டு கதவு. இதைக் கவனமாக் கேளுங்கோ, வீட்டில போய்ச் சொல்லுங்கோ.

முதல் கதவு, தீர்ப்புக்கு முன் விளக்கமறியலில் வைத்து, பிறகு குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டவர்களுக்கு. இத்தாலிய மொழியில் "இஞ்ஜுஸ்தா தெத்தென்ஸியோனே". இதுக்கு உச்ச வரம்பு 516,456.90 யூரோ. பழைய நூறு கோடி லீராவை யூரோ ஆக்கின கணக்கு. அதை ஆறு வருசத்து நாட்களால் பிரித்து, ஒரு சிறை நாளுக்கு 235.82 யூரோ என்று நீதிமன்றங்கள் தொடங்குகின்றன. வீட்டுக்காவல் நாளுக்கு அதில் பாதி. இந்த வகையில் 1991 தொடக்கம் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நட்டஈடு பெற்றிருக்கிறார்கள்.

இரண்டாவது கதவு, தீர்ப்பு இறுதியாகி, தண்டனை அனுபவித்து, பிறகு வழக்குத் திரும்பத் திறக்கப்பட்டு நிரபராதி ஆனவர்களுக்கு. "எர்ரோரே ஜுதிஸியாரியோ". இதுக்கு வரம்பு இல்லை. குலோத்தா வந்தது இந்தக் கதவால். ஆள் இறந்திருந்தால் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் கேட்கலாம்.

ரெண்டு கதவுக்கும் ஒரே பூட்டு: விடுதலைத் தீர்ப்பு இறுதியாகி இரண்டு வருசத்துக்குள் மனுப் போடவேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் முடிஞ்சுது.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணை, வேற ஒரு நகரத்தில றெஸ்ரோறன்ட் குசினியில வேலை செய்தவர். ஆள் மாறாட்டத்தில ஏழு மாசம் உள்ள இருந்தார். நீதிமன்றம் விடுவிச்சுது. வீட்டில எல்லாரும் "போனது போகட்டும், வெளியில சொல்லாத, வெட்கம்" எண்டு சொல்லிச்சினம். அவரும் சொல்லேல்லை. அஞ்சு வருசம் கழிச்சு பெர்மெஸ்ஸோ அலுவலாக் கடதாசி பாக்கேக்கதான் என்னட்டக் காட்டினவர். ஏழு மாசத்தை 235.82 ஆல் பெருக்கிப் பாத்தன். ஏறக்குறைய 49,500 யூரோ. அந்தக் கடதாசியில பிழை இல்லை, முத்திரை இல்லாமல் இல்லை. திகதி மட்டும் பிந்திப்போச்சு. "தம்பி, அப்ப ஆரும் சொல்லேல்லையே" எண்டார். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் நான் இண்டைக்கு இஞ்ச நிக்கிறன்.

இன்னொரு விசயம். கைதானவர் தன்னுடைய கடும் கவனயீனத்தால் தானே சந்தேகத்தை வரவழைத்தார் என்றால் நட்டஈடு இல்லை என்று சட்டம் சொல்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு, "நீ விசாரணையில் வாய் திறக்கவில்லை, ஆகவே உன்னிலும் பிழை" என்று பலரின் மனுக்களைத் தள்ளினார்கள். 2021 நவம்பரில் வந்த திருத்தம் அதை நிறுத்தியது. மௌனமாக இருப்பது உரிமை. அந்த உரிமையைப் பாவித்ததற்காக நட்டஈட்டை மறுக்க முடியாது. மொழி விளங்காமல் பயத்தில் தலையாட்டுகிற எங்கட ஆக்களுக்கு இது பெரிய விசயம். மொழிபெயர்ப்பாளர் இலவசமாகக் கிடைக்கவேண்டும் என்பதும் சட்டம். கேளுங்கோ. கேட்டதைப் பதிவு செய்யச் சொல்லுங்கோ.

பலெர்மோவில் இரண்டு முகங்கள்

2016 யூனில் சூடானில் இருந்து விமானத்தில் ஓர் எரித்திரிய இளைஞனை இத்தாலிக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய ஆட்கடத்தல் தலைவன், "ஜெனரல்" பிடிபட்டுவிட்டான் என்று இத்தாலியப் பொலிசும் பிரித்தானிய அதிகாரிகளும் கொண்டாடினார்கள். படம் பார்த்த எரித்திரியர்கள் முதல் நாளே சொன்னார்கள்: ஆள் இவன் இல்லை. பெயரில் ஒரு பகுதி மட்டும் ஒன்று. மெத்தானியே என்ற பெயர் அங்கே எத்தனை பேருக்கு இருக்கும்! மூன்று வருசம் இந்த நகரத்தில் வழக்கு நடந்தது. 2019 யூலை 12 அன்று பலெர்மோ நீதிமன்றம் ஆள் மாறாட்டம் என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் வெறுங்கையோட விட மனமில்லை. சட்டவிரோதக் குடிவரவுக்கு உதவினார் என்ற சிறிய குற்றத்துக்கு ஐந்து வருசம் எழுதி, இருந்த காலம் போதும் என்று வெளியில் விட்டார்கள்.

இதில உள்ள நுணுக்கத்தைப் பாருங்கோ. விளக்கமறியல் காலம் ஒரு தண்டனைக்குள் கழிக்கப்பட்டால், அந்தக் காலத்துக்கு நட்டஈடு இல்லை என்பது சட்டம். அப்ப, பெரிய குற்றச்சாட்டு முழுதாப் பிழைச்சாலும், பக்கத்தில ஒரு சின்னக் குற்றம் நிண்டால் அரசின் கணக்கு நேராகிவிடும். மூன்று வருசத்துக்கு ஒரு தலைப்பு எழுதியாச்சு. புலம்பெயர்ந்தவனின் வழக்கில் அந்தச் சின்னக் குற்றத்தைத் தேடிப்பிடிக்கிறது லேசு. கடல் கடந்து வந்ததே குற்றம் ஆக்கப்பட்டிருக்கு எல்லோ?

இஞ்ச இருந்து பத்து நிமிசம் நடந்தால் பல்லாரோ. அங்க இருக்கிற ஆர்ச்சி போர்கோ ரோஸ்ஸோ தோழர்கள் 2021 இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். படகு ஓட்டினார்கள் என்று குற்றம் சாட்டி 2013 இலிருந்து 2,500 பேருக்கு மேல் இத்தாலியில் கைது செய்யப்பட்டதாக அவர்கள் கணக்கிட்டார்கள். திசைகாட்டியைப் பிடித்தவன், சுக்கானைப் பிடித்தவன், தண்ணி பங்கிட்டவன், எல்லாரும் "ஸ்காபிஸ்தா". குர்திஷ் செயற்பாட்டாளர் மைசூன் மஜீதி 2023 கடைசி நாளில் கலாப்ரியாவில் வந்திறங்கி அப்படித்தான் பிடிபட்டார். ஏறத்தாழ பத்து மாதம் அடைபட்டிருந்தார். 2025 பெப்ரவரியில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவருக்காக வீதியில் நின்றவர்கள் இருந்தார்கள். ஆரும் நிக்காத ஆயிரம் பேர் இருக்கினம்.

வீயா தமேலியோவுக்குத் திரும்புவம். பொர்செல்லினோ கொலைக்கு ஒரு பொய்ச் சாட்சியை வைத்து அப்பாவிகளுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். அதில் ஒருவர் நகரத்தில் குப்பை அள்ளும் தொழிலாளி. 2008 இல் உண்மையில் சம்பந்தப்பட்ட மாபியாக்காரன் வாக்குமூலம் கொடுத்த பிறகு 2011 இல் வெளியில் விட்டார்கள். 2017 யூலையில் கத்தானியா நீதிமன்றம் அவர்களை நிரபராதிகள் என்றது. இத்தாலிய நீதித்துறை வரலாற்றின் மிகப் பாரதூரமான திசைதிருப்பல்களில் ஒன்று என்று நீதிபதிகளே எழுதினார்கள். பொய்ச் சாட்சியை ஆயத்தம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட பொலிஸ்காரர் மூவரின் வழக்கு என்ன ஆனது? 2022 யூலையில் ஒருவர் விடுதலை. மற்ற இருவருக்கும் காலாவதி. சிறையில இருந்தவனுக்குக் காலம் ஓடேல்லை. பொலிசுக்குக் காலம் நல்லா ஓடியிருக்கு.

மட்டக்களப்பு

இனி எங்கட ஊருக்கு வருவம்.

நல்லரத்தினம் சிங்கராசா. மட்டக்களப்பு. 1993 யூலையில் சுற்றிவளைப்பு ஒன்றில் பிடிபட்டார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் அடைத்து வைத்தார்கள். வாக்குமூலம் சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டது. அவருக்குச் சிங்களம் தெரியாது. மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ்காரர். கடைசியில் பெருவிரல் அடையாளம் வைக்கப்பட்டது. முதுகிலும் இடது கண்ணிலும் காயங்கள் இருந்ததை மருத்துவ அறிக்கை சொன்னது. வேறு சாட்சியம் இல்லை. 1995 இல் 50 வருசச் சிறை. மேன்முறையீட்டில் 35 ஆகக் குறைத்தார்கள்.

அல்கமோவையும் மட்டக்களப்பையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. ஒரே கதை. ஒரு வித்தியாசம். அல்கமோவில் அடி சட்டத்துக்கு வெளியில் நடந்தது. மட்டக்களப்பில் சட்டம் அதுக்குக் கதிரை போட்டுக் குடுத்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவின்படி உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லும். அடித்து வாங்கினது என்றால் அதை நிரூபிக்கவேண்டியது அடிவாங்கினவன்.

சிங்கராசாவின் வழக்கு ஐநா மனித உரிமைக் குழுவுக்குப் போனது. 2004 யூலையில் அந்தக் குழு, விடுதலை அல்லது மறுவிசாரணை, அத்தோடு நட்டஈடு என்று சொன்னது. அந்தச் சட்டப் பிரிவைத் திருத்தவும் சொன்னது. 2006 செப்டெம்பரில் இலங்கை உயர் நீதிமன்றம் கொடுத்த பதில் என்ன தெரியுமோ? ஐநாவுக்கு முறைப்பாடு செய்கிற அந்த ஒப்பந்தத்தில் ஜனாதிபதி 1997 இல் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்றது. வழக்குப் போட்டவன் பிழையில்லை எண்டு சொன்னவுடன, வழக்குப் போகிற பாதையையே பிழையெண்டாச்சு.

மன்னிப்பும் நட்டஈடும்

இந்த இடத்தில எங்களுக்குள்ள ஒரு விவாதம் தேவை. முப்பது வருசமா நாங்கள் என்ன கேட்டுக்கொண்டு வாறம்? "தமிழ் அரசியல் கைதிகளுக்குப் பொது மன்னிப்பு." ஊரில தாய்மார் அதைக் கேக்கினம், அவையை நான் குறை சொல்லமாட்டன். பிள்ளை வெளியில வந்தால் போதும் எண்டு இருக்கிற தாய்க்கு எந்தக் கதவெண்டாலும் கதவுதான்.

ஆனால் நாங்கள் யோசிக்கவேணும். 2021 யூன் 24, பொசன் போயா நாள். அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதிகள் 16 பேருக்கு மன்னிப்பு அளித்தார். அதே நாளில் அதே பேனாவால் கொலைக் குற்றவாளியான முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கும் மன்னிப்பு. அந்த மன்னிப்பை உயர் நீதிமன்றம் 2024 இல் ரத்துச் செய்தது. மன்னிப்பு எண்டால் அதுதான்: மன்னர் குணம். குடுக்கலாம், குடுக்காமல் விடலாம், ஒரு தட்டில கொலைகாரனையும் அடிபட்டுக் கையெழுத்து வைச்சவனையும் சேத்து வைக்கலாம்.

மன்னிப்புப் பெற்றவர் பதிவேட்டில் குற்றவாளியாகவே இருக்கிறார். அரசு தவறு செய்ததாக எங்கேயும் எழுதப்படாது. ஆகவே நட்டஈட்டுக்கு இடமில்லை. குடியியல் அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 14 ஆம் உறுப்புரை ஆறாம் பந்தி நட்டஈடு தரச் சொல்லுது. ஆனால் தீர்ப்பு மாற்றப்பட்டாலோ, நீதி பிழைத்தது என்று காட்டும் புதிய உண்மை வந்து அதுக்காக மன்னிக்கப்பட்டாலோதான். போயா நாள் கருணை அதுக்குள் அடங்காது. நான் கேக்கிறது இதுதான்: விடுதலையோட சேத்து, வழக்குகளைத் திரும்பத் திறக்கிற உரிமையையும் கேப்பம். வாக்குமூலத்தை மட்டும் வைத்து எழுதிய ஒவ்வொரு தீர்ப்பையும் மீளாய்வு செய்யச் சொல்லிக் கேப்பம்.

"அப்ப எல்லாரும் அப்பாவிகள் எண்டு சொல்லுறியளோ?" எண்டு கேக்கிற ஆக்கள் இருக்கினம். நான் அப்பிடிச் சொல்லேல்லை. சண்டை பிடிச்சவையும் இருந்தவை. அடிச்சு எழுதின கடதாசியால ஒருத்தன் செய்தானா இல்லையா எண்டு ஆராலயும் சொல்ல ஏலாது. சித்திரவதை நிரபராதியை மட்டும் அழிக்கிறதில்லை, உண்மையையும் அழிக்குது.

மற்ற நாடுகள் ஒழுங்கெண்டும் நினைக்காதேங்கோ. இந்தியா அந்த உடன்படிக்கையில் சேரும்போதே, சட்டவிரோதக் கைதுக்கு நட்டஈடு உரிமை கிடையாது என்று விலக்கு எழுதி வைத்தது. இண்டைவரைக்கும் தனிச் சட்டம் இல்லை. 2018 இல் சட்ட ஆணைக்குழு தன் 277 ஆவது அறிக்கையில் சட்டம் வேண்டும் என்று சொன்ன பிறகும் இல்லை. பீகாரில் விடுதலைத் தீர்ப்புக்குப் பிறகும் 14 வருசம் சிறையில் மறக்கப்பட்ட ருதுல் ஷாவுக்கு 1983 இல் உச்ச நீதிமன்றம் போட்டுக் குடுத்தது 30,000 ரூபா. நாகர்கோவில்காரர், விண்வெளி விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 2018 இல் 50 இலட்சம் ரூபா கிடைத்தது, சரியானதுதான். அக்ஷர்தாம் வழக்கில் தூக்குத் தண்டனை வரை போய் 2014 இல் விடுவிக்கப்பட்ட முஸ்லிம்கள் நட்டஈடு கேட்டபோது, அதே உச்ச நீதிமன்றம் 2016 இல் மறுத்தது. ஆர் கேக்கினம் எண்டதைப் பொறுத்து விலை மாறுது. 2025 யூலையில் தேனி மாவட்டம் சுருளி அருவி இரட்டைக் கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றிருந்த ஒருவரை விடுவித்தபோது, நட்டஈட்டுக்குச் சட்டம் செய்வது பாராளுமன்றத்தின் வேலை என்று உச்ச நீதிமன்றம் சொல்லி விட்டது.

பிரித்தானியாவில வாழுற தோழர்களுக்கு ஒண்டு. அங்க நிரபராதியாச் சிறையில இருந்தவனின் நட்டஈட்டில், உள்ள இருந்த காலத்துச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் எண்டு காசு கழிச்சவை. 2007 இல் அது சரியென்று பிரபுக்கள் சபை நீதிபதிகளும் தீர்த்தார்கள். 2023 ஓகஸ்டில்தான் நிறுத்தினார்கள். கடத்திக்கொண்டு போனவன் வாடகை கேட்ட கதை. 2014 இலிருந்து, தான் குற்றம் செய்யவில்லை என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்தால்தான் அங்கே நட்டஈடு. தபாலகக் கணினிப் பிழையால் நூற்றுக்கணக்கான உப தபாலகக்காரர் குற்றவாளிகள் ஆக்கப்பட்டார்கள். அதில் எங்கட தெற்காசிய ஆக்கள் நிறையப் பேர். 2024 இல் பாராளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அந்தத் தீர்ப்புகளை ஒரேயடியா நீக்கியது. கூட்டமாப் போராடினால் அப்பிடியும் செய்யலாம் எண்டதுக்கு அது சாட்சி. இலங்கையிலும் வாக்குமூலத் தீர்ப்புகளை ஒரேயடியா நீக்கக் கேக்கலாம். ஏன் கேக்கக்கூடாது?

எங்கட பக்கத்துக் கணக்கு

இதைச் சொல்லாமல் இறங்கினால் நான் பொய்யன். அரசுக்கு மட்டும் விரல் நீட்டிப்போட்டுப் போக ஏலாது. எங்கட இயக்கங்களும் சிறை வைச்சிருந்தவை. வாக்குமூலம் வாங்கினவை. மின்கம்பத்தில "துரோகி" எண்டு அட்டை கட்டித் தீர்ப்பு எழுதினவை. அந்தத் தீர்ப்புக்கு மேன்முறையீடு இல்லை, மீள்விசாரணை இல்லை. அந்த வீடுகளில பிள்ளையள் இப்பவும் தகப்பன்ர பேரைச் சத்தமாச் சொல்லுறேல்லை. அவைக்கு ஆர் நட்டஈடு குடுக்கிறது? இயக்கம் இப்ப இல்லை. நாங்கள் இருக்கிறம். காசு எங்களிட்ட இல்லாமல் இருக்கலாம். "அது பிழை, உங்கட அப்பா துரோகி இல்லை" எண்டு சொல்லுற வாய் எங்களிட்ட இருக்கு. அதைச் செய்யாமல் இலங்கை அரசிட்டக் கணக்குக் கேட்டால் எங்கட குரலில பாதிதான் இருக்கும்.

என்ன செய்யலாம்

நேரம் போச்சு. நாலு வேலை சொல்லுறன்.

ஒண்டு: இந்தக் கோடையில ஒவ்வொருத்தரும் உங்கட வீட்டு, சொந்தக்கார வட்டத்தில கேளுங்கோ. ஆராவது பிடிபட்டு விடுவிக்கப்பட்டிருக்கினமோ? தீர்ப்பு எந்தத் திகதி இறுதியானது? ரெண்டு வருசம் முடியேல்லை எண்டால் உடன ஒரு அவ்வொகாத்தோவிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ. காசில்லாத ஆக்களுக்கு அரசு செலவில் சட்டத்தரணி கிடைக்கும் வழியும் இருக்கு, அதையும் கேளுங்கோ. வெட்கம் அரசுக்குத்தான் வரவேணும்.

ரெண்டு: இத்தாலியன் நல்லாப் பேசுற நீங்கள் பெற்றோருக்குக் கடிதம் வாசிக்கிறியள். அதேபோலக் கைதானவரின் உரிமைகளை ஒரு பக்கத்தில தமிழில எழுதுவம். மௌனம், மொழிபெயர்ப்பாளர், சட்டத்தரணி, ரெண்டு வருசம். நாலு விசயம். கடையளில ஒட்டுவம், கோயிலில குடுப்பம், மோந்தே பெல்லெக்ரினோவுக்கு சாந்தா ரொசாலியாவிட்ட நடந்து போற அம்மாமாரின்ர கையிலயும் குடுப்பம்.

மூண்டு: பல்லாரோத் தோழர்களோட சேந்து படகு வழக்குகளின் விசாரணைக்குப் போய் இருப்பம். நீதிமன்றத்தில பின்வாங்கில ஆக்கள் இருந்தால் நீதிபதி நிமிர்ந்து பாப்பார். எங்கட ஆக்களும் படகில வந்தவைதான். மறக்கப்படாது.

நாலு: அடுத்த முறை ஜெனீவாவுக்குப் போகேக்க, எங்கட அட்டையில "பொது மன்னிப்பு" எண்டு மட்டும் எழுதாமல், "16 ஆம் பிரிவுத் தீர்ப்புகளை மீளாய்வு செய், நட்டஈடு கொடு" எண்டும் எழுதுவம்.

காசு இளமையைத் திருப்பித் தராது எண்டு சொல்லுவினம். உண்மை. குலோத்தாவுக்கு 65 இலட்சம் 18 வயசைத் திருப்பித் தரேல்லை. ஆனால் அந்தக் காசோட ஒரு தீர்ப்புக் கடதாசியும் வந்தது. அதில் அரசின் முத்திரையோட, பிழை செய்தது நீ இல்லை, நாங்கள் எண்டு எழுதியிருக்கு. மந்தலாவின் குடும்பத்துக்கு அது பிந்தி வந்தது. குசினி அண்ணைக்கு அது வரவேயில்லை. இன்னொரு ஆளுக்குப் பிந்தக்கூடாது எண்டால், இண்டைக்கு இரவு வீட்டுக்குப் போய் முதல் கேள்வியைக் கேளுங்கோ.

கேள்விகள் இருந்தால் இதிலயே நிண்டு கதைப்பம். அடுத்த ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கு.